நிரூபிக்கப்பட்ட ஆவி

குளச்சல் கரையில் பிறந்த ஒரு ஆண்பிள்ளைக்குக் கடல் குமட்டுகிறது என்றால், அதை அவன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லமாட்டான். சிலுவைமுத்துவுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊரே பார்த்தது. கட்டுமரம் முதல் அலையைத் தாண்டும்போது அவன் முகம் வெளுக்கும். அடுத்த அலைக்குக் காலையில் குடித்த கஞ்சி வெளியே வரும். அதற்கடுத்த அலைக்கு முந்தாநாள் கஞ்சி.

"லேய், இவன் வலயப் பிடிக்காண்டாம். சும்மா குனிஞ்சு இருந்தாப் போரும், மீனு தன்னால கூடும்" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

முன்பு அவன் இப்படி இல்லை. ஆனி மாதத்துக் காற்றில் மரம் கவிழ்ந்து, ஒரு பகல் முழுக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தான். உடம்பு கரைக்கு வந்து சேர்ந்தது. தலைக்குள் மட்டும் கடல் ஆடிக்கொண்டே இருந்தது. கூட்டாளிகள் கொஞ்ச நாளில் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்புறம் அவனை மரத்தில் ஏற்றுவதையும் நிறுத்தினார்கள்.

கடல் கைவிட்டவனுக்கு மலைதான். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி, சவேரியார் திருநாள் முடிந்த மறுநாள் வண்டி கொண்டுவருவான். சிலுவைமுத்து பெயர் கொடுத்துவிட்டான். அவனுடைய அண்ணனும் அப்படிப் பெயர் கொடுத்துப் போனவன்தான். மலையிலிருந்து பெயர் மட்டும் திரும்பி வந்தது, கோவிலில் செத்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுப்பதற்கு.

இது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று மூன்றில், இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் நடந்தது. அந்த வருஷந்தான் கோட்டாற்றில் தென்பகுதி வடிசாலைக் கச்சேரி என்று ஒன்று திறந்தார்கள். செய்தியைக் கொண்டுவந்தவள் சிலுவைமுத்துவின் பெண்டாட்டி இசபெல். குளச்சலிலிருந்து கோட்டாறு சந்தைக்கு மீன் சுமக்கிறவள். ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்பும் அந்தப் பெண்களுக்குக் கால் ஆணியும் ஊர்ச் செய்தியும் ஒரே வழியில் சேரும்.

"ஓய், இஞ்ச பாரும். சின்னச் சின்ன ஆளுவளுக்கும் சாராயம் வாற்ற லைசென்சு குடுக்காவளாம். நமக்க செம்புச் சருவம் சும்மாத்தானே கெடக்கு?"

சருவம் என்றால் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அப்படி ஒரு பாத்திரம். இசபெல் சீதனமாகக் கொண்டுவந்தது.

"எனக்கு வாற்றத் தெரியாதேட்டி."

"தெரியாதவனுக்கு அவியளே படிச்சுக் குடுக்காவளாம். அரசாங்கம் படிச்சுத் தந்தா ஒமக்குக் கசக்கா? நம்ம கரையில உள்ள ஆம்பளையோ குடிக்கதுக்கு எத்தன தூரம் நடக்கானுவ! போறப்பம் நடக்கானுவ, வாறப்பம் உருளுதானுவ. நீரு இஞ்சயே வடிச்சா அந்த நட மிச்சம். மலைக்குப் போவாண்டாம் ஓய்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சிலுவைமுத்து மறுநாள் கோட்டாற்றுக்கு நடந்தான்.

கச்சேரியின் சூப்பிரண்டு தாணுமாலயன் பிள்ளை ஒரு மொழிப் பற்றாளர். இங்கிலீஷில் இருந்த வடிசாலைச் சட்டத்தை ஒற்றை ஆளாகத் தூய தமிழில் பெயர்த்தவர். 'சூப்பிரண்டு' என்ற தன்னுடைய பதவிப் பெயரைத் தவிர வேறு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கச்சேரி வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. அந்தத் தொண்டுக்காக அவருக்கு 'மொழித் திலகம்' என்று பட்டம் கொடுக்கலாமா என்று தலைநகரத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மூலச் சட்டத்தில் வரிக்கு வரி 'ஸ்பிரிட்' என்று இருந்தது. பிள்ளை அகராதியைத் திறந்தார். முதல் பொருள் 'ஆவி' என்று போட்டிருந்தது. இரண்டாவது பொருளைப் பார்ப்பது முதல் பொருளை அவமதிப்பதாகும் என்று அகராதியை மூடிவிட்டார்.

"முன்பு எப்போதேனும் ஆவி வடித்த அனுபவம் உண்டா?" என்று அவர் கேட்டதும் சிலுவைமுத்து சிலுவை போட்டுக்கொண்டான்.

"இல்ல ஏமானே. நான் ஞானஸ்நானம் வாங்கினவன்."

"அனுபவம் இல்லாதவனுக்கு அனுமதி இல்லை. விதி நான்கு."

"அப்பம் உண்டுன்னு எழுதிக்கிடுங்க."

"அனுமதியின்றி வடித்த அனுபவம் குற்றம். விதி ஐந்து. சிறை."

சிலுவைமுத்துவின் தலைக்குள் கடல் ஒருதரம் புரண்டது. "அப்பம் அனுமதி ஆருக்குத்தான் ஏமானே கெடைக்கும்?"

"இதுவரை எவருக்கும் கிடைக்கவில்லை" என்றார் பிள்ளை பெருமையாக. "இக்கச்சேரி எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆயினும் அரசுக்குக் கருணை உண்டு. விதி ஆறு, பயிற்சி. பயின்று வா. அப்புறம் உன்னை எப்படி மறுப்பது என்று பார்க்கலாம்."

கோட்டாற்றில் தங்குவதற்கு இசபெல் ஏற்பாடு செய்திருந்த இடம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற செய்யது அலியின் பட்டறை. சிலுவைமுத்து சொன்னதைக் கேட்ட செய்யது அலி ஈயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பேயில்ல மக்கா. ஆவின்னா சாராயம். இங்கிலீசுல ரெண்டுக்கும் ஒரே பேராக்கும். வெள்ளக்காரன் ரெண்டையும் ஒரே நேரத்துலதானே பாத்திருப்பான்!"

"சாயிபே, ஒனக்குச் சாராயக் காரியம் எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பாத்திரம் வரும், ஓட்டைய அடைப்பேன். உள்ள என்ன கொதிக்குன்னு கேக்கமாட்டேன். கேட்டா ஹராம்."

பயிற்சிக் கூடத்தில் நாலு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் இருந்தன. பாத்திரம் கிடையாது, அடுப்பும் கிடையாது. அவற்றை வைக்க அனுமதி வேண்டும். அனுமதி வாங்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வாத்தியார் ரசலையன், மது வெறுப்புச் சங்கத்தின் காரியதரிசி. சாராயக்கடை இருக்கிற தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர். சாராயக்கடை இல்லாத தெருவிலும் ஒரு முன்னெச்சரிக்கைக்காகப் பொத்திக்கொள்வார்.

முதல் நாள் பிள்ளையே வந்து அவரை அறிமுகம் செய்துவைத்துப் பேசினார். "இவர் சாராயத்தைக் கண்டவரல்லர். முகர்ந்தவரல்லர். அதனால்தான் இவரை அமர்த்தினோம். பால் கறக்கத் தெரிந்தவனைப் பால் பண்ணையில் வைத்தால் பால் மிஞ்சுமா? தெரிந்தவன் திருடுவான், தெரியாதவன் நேர்மையாக இருப்பான். இக்கச்சேரியில் என்னிலிருந்து டவாலிச் சேவகன் வரை நேர்மைக்குக் குறைவே கிடையாது."

பயில வந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரைச் சேவகன் குறித்துக்கொண்டான்.

பாடம் ஞானோபதேசம் மாதிரி நடந்தது.

"ஆவி எத்தனை வகைப்படும்?" என்று ரசலையன் கேட்பார்.

"ஆவி ஐந்து வகைப்படும். நாட்டு ஆவி, அயல்நாட்டு ஆவி, திருத்தப்பட்ட ஆவி, இயல்பு கெடுக்கப்பட்ட ஆவி, நிரூபிக்கப்பட்ட ஆவி."

"நிரூபிக்கப்பட்ட ஆவி என்பது யாது?"

"பலத்தில் குறைவில்லை என்று கச்சேரியால் நிரூபிக்கப்பட்ட ஆவியே நிரூபிக்கப்பட்ட ஆவியாகும்."

சின்ன வயதில் கோவிலில் அடி வாங்கி ஞானோபதேசம் படித்த சிலுவைமுத்து இதில் எல்லோரையும் முந்தினான். பழக்கத்தில் கடைசியில் 'ஆமென்' சொல்லிவிடுவான். ரசலையனும் பழக்கத்தில் எழுந்து நிற்பார்.

"வாத்தியாரே, ஆவிய எப்படி நிரூபிக்கது?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"அதற்கு மேலிடத்திலிருந்து ஒரு கருவி வரும்."

"எப்பம் வரும்?"

"ஆவி இருப்பது நிரூபிக்கப்பட்டால் வரும்."

எழுத்துப் பாடம் முடிந்ததும் செய்முறைப் பயிற்சி வந்தது. சாமான் இல்லாததால் ஆட்களே சாமான். ஒருவன் அடுப்பு. குந்தி உட்கார்ந்து வாயால் ஊத வேண்டும். இன்னொருவன் சருவம். கன்னத்தை உப்பிக்கொண்டு கொதிக்க வேண்டும். சிலுவைமுத்து நெட்டையன் என்பதால் அவன் குழல். இடுப்பை வளைத்து, கையை முன்னால் நீட்டி, சருவத்தின் வாய்க்கும் கீழே இருந்த காலிக் குப்பிக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

"வடியுங்கள்!" என்று ரசலையன் கட்டளையிட்டார்.

சிலுவைமுத்துவுக்கு எப்படி வடிவது என்று தெரியவில்லை. குனிந்து நின்றான். சருவமாக இருந்தவன் இப்படியும் அப்படியும் குலுங்கிக் கொதித்தான். குனிந்த தலையில் தரை அலையடித்தது. கடல் வந்துவிட்டது. காலையில் செய்யது அலி வீட்டில் தின்ற ஆப்பம் குப்பிக்கு உள்ளேயும் வெளியேயும் விழுந்தது.

ரசலையன் குப்பியைத் தூரத்திலிருந்து பார்த்தார். "முதல் வடிப்பு. கலங்கல். ஆனால் திருப்தி" என்று எழுதிக்கொண்டார்.

இப்படியே திருநாளுக்குக் கொடி ஏறும் காலம் நெருங்கியது. சிலுவைமுத்து அடுப்பாகவும் இருந்தான், சருவமாகவும் இருந்தான். ஒரு சொட்டுச் சாராயத்தை அவன் கண்ணால் பார்க்கவில்லை. தேர்வு எப்போது என்று கேட்டால், தேர்வு வைக்க வடித்த ஆவி வேண்டும், வடிக்க அனுமதி வேண்டும், அனுமதிக்குத் தேர்வு வேண்டும் என்றார்கள். கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. கரையில் நின்றே அவனைக் குமட்ட வைத்த முதல் இடம் அந்தக் கச்சேரிதான்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை, நாட்டில் கள்ளச் சாராய வாற்று பெருகிவிட்டதென்று தெருமுனையில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்.

'அனுமதியின்றி வீட்டில் ஆவி வைத்திருப்போர் உடனே வடிசாலைக் கச்சேரியில் ஒப்படைக்கவும். நாட்டு ஆவி, அயல்நாட்டு ஆவி எதுவாயினும் அளந்து, அடைத்து, இரட்டைப் பூட்டுப் போட்டு வைக்கப்படும். சூரியன் மறைந்தபின் ஆவி வெளியே நடமாடுதல் குற்றம்.'

மறுநாள் விடியும்போது கச்சேரி வாசலில் கூட்டம். பேய் பிடித்த மருமகளை இழுத்துக்கொண்டு மாமியார் வந்திருந்தாள். பேய் பிடித்த மாமியாரை இழுத்துக்கொண்டு வேறொரு மருமகள் வந்திருந்தாள். வெட்ட வந்தவனைத் திரும்ப முட்டியது என்பதற்காக ஒருவன் ஆட்டைக் கட்டி இழுத்து வந்திருந்தான். தலைவிரி கோலமும் கூச்சலும் சாம்பிராணிப் புகையுமாகத் தெரு அடைத்துக்கொண்டது. சர்க்கார் பேயோட்டினால் காணிக்கை இல்லை அல்லவா!

பிள்ளை வெளியே வந்து பார்த்தார். தெருமுனைப் பலகையைப் படித்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. 'நான் சாராயத்தைச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். மொழித் திலகமும் அதோடு முடிந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரிசையில் நில்லுங்கள். வகைவாரியாக நில்லுங்கள்" என்றார்.

ஒரு கிழவன் தன் மகளைக் காட்டினான். "கெழக்க கல்யாணம் பண்ணிக் குடுத்தது ஏமானே. அங்கன வச்சுப் பிடிச்சுட்டு."

"கிழக்கே எங்கே?"

"திருநெல்வேலிச் சீமையில."

"அப்படியானால் அது நம் சமஸ்தான எல்லைக்கு அப்பாலுள்ள பிரிட்டிஷ் ஆவி. அயல்நாட்டு வகை. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் தீர்வை செலுத்தினாயா?"

"பேயிக்கா?"

"பேய் என்று சொல்லாதே. சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. தீர்வை கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாய். திரும்பக் கொண்டுபோய்ச் சாவடியில் முத்திரை வாங்கி வா."

கிழவன் மகளை வண்டியில் ஏற்றி ஆரல்வாய்மொழிக்குத் திருப்பினான். முத்திரையை எங்கே குத்துவார்கள் என்று அவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனாளாம். பேய் பாதி வழியில் பயந்து இறங்கிவிட்டது என்று பிற்பாடு செய்தி.

அன்று மீன் விற்றுவிட்டு வந்த இசபெல் இதைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். சிலுவைமுத்து சிரிக்கவில்லை.

"ஏட்டி, ஒண்ணும் நடக்காது. திருநா வந்துட்டு. வண்டி வந்துரும். நான் மலைக்குப் போயிருதேன்."

இசபெல்லின் சிரிப்பு நின்றது. பேய்களின் வரிசையை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். வடிசாலை என்று எழுதிய பலகையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் கச்சேரிக்குள் ஒரு பெண் வந்தாள். வந்தாள் என்பதைவிடப் புகுந்தாள் என்று சொல்ல வேண்டும். சந்தையில் கருப்பட்டி விற்கிற லீலாபாய். முடி அவிழ்ந்து கிடந்தது. சேவகனை ஒரு கையால் ஒதுக்கினாள். நேரே போய்ச் சூப்பிரண்டின் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். ஆண் குரலில் உறுமினாள்.

"ஏ பிள்ளே! என்னையத் தெரியுதா? நான் ஏசுஅடிமையாக்கும். வாற்றுக்கார ஏசுஅடிமை!"

கூட்டம் பின்வாங்கியது. கள்ள வாற்று வாற்றிப் பிடிபட்டு, ஜெயிலுக்குப் போய், திரும்பி வந்து செத்த ஏசுஅடிமையை அங்கே தெரியாத ஆள் இல்லை.

"அது... இருக்கையை விட்டு எழுந்தருளினால் வகைப்படுத்த ஏதுவாக..." என்றார் பிள்ளை.

"ஒரு செரட்டை சாராயம் தாலே. குடிச்சிட்டுப் போயிருதேன்."

"அத்தகைய திரவம் இவ்விடத்தில்..."

"என்னலே சொல்லுக?"

"இல்லடே" என்றார் பிள்ளை. அவருடைய செந்தமிழ் அந்த இடத்தில் அறுந்து விழுந்தது. "சத்தியமா ஒரு சொட்டு இல்லடே. வேணும்னா காப்பி வாங்கித் தாறேன்."

"வாசல்ல பலக வச்சிருக்க, வடிசாலைன்னு. வாத்தியாரு வச்சிருக்க. சேவகன் வச்சிருக்க. ஒரு சொட்டு இல்லியா? ஒண்ணும் வடிக்காத ஒனக்குச் சம்பளம். வடிச்ச எனக்கு ஜெயிலா?"

ரசலையன் முன்னால் வந்து மது வெறுப்புச் சங்கத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்றை நீட்டினார். லீலாபாய் அதை வாங்கி மூக்கைச் சிந்தினாள். "வாத்தியாரே, நீரு சொல்லிக் குடுக்கதக் கேட்டு வெக்கம் பொறுக்காமத்தான் நான் குழியில இருந்து எழும்பி வந்தேன்."

கண்ணாடி மைக்கூடு ஒன்று பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. பிள்ளை மேசைக்கு அடியில் இருந்தபடி பயிற்சி ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "ஆருக்காவது வடிக்கத் தெரியுமாடே? சீக்கிரம் சொல்லு!"

சிலுவைமுத்துதான், "விதி அஞ்சு, ஏமானே. தெரியும்னு சொன்னா ஜெயிலு" என்று நினைவுபடுத்தினான்.

"எனக்குத் தெரியும்லே!" என்று ஏசுஅடிமை உறுமினான். "நான் சொல்லித் தாறேன். என்னையப் பிடிச்சு ஜெயில்ல போடுங்க பாப்போம்."

மேசைக்கு அடியில் விதிப் புத்தகம் படபடவென்று புரண்டது. செத்தவனுக்கு முன் அனுபவம் இருந்தால் குற்றம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. "வடியுங்கடே!" என்று பிள்ளையின் குரல் வந்தது.

அதற்குள் வாசலில் இசபெல் தலையில் செம்புச் சருவத்தோடு நின்றாள். அந்த வழியாகச் சும்மா வந்தவள் மாதிரி நின்றாள். அவளுக்குப் பின்னால் செய்யது அலி, ஒரு மூங்கில் குழலோடு, அவனும் சும்மா வந்தவன். பிள்ளை விரட்டியதில் கள்ளுக்கடைக்கு ஓடிய சேவகன் குடம் குடமாகக் கள்ளு சுமந்து வந்தான். முற்றத்தில் கல் கூட்டினார்கள். விறகு இல்லை. பயிற்சிக் கூடத்துப் பெஞ்சுகள் வந்தன. கடைசியில் கரும்பலகையும் வந்தது, அதில் எழுதியிருந்த ஐந்து வகை ஆவியோடு.

"ஏலே குழலு! கள்ள ஊத்து. தளும்ப ஊத்தாத, பொங்கும்" என்றாள் லீலாபாய், நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கிவரச் சொல்லி அதில் உட்கார்ந்தபடி. சிலுவைமுத்து ஊற்றினான். சருவத்தின்மேல் மண் சட்டியைக் கவிழ்த்தான். அதில் போட்ட ஓட்டையில் குழலைச் செருகினான். "இடுக்குல மாவ அப்பு. ஆவி வெளிய போனா ஒனக்க ஆயுசு போச்சுன்னு நெனச்சிக்க." அப்பினான். "குழல்மேல ஈரச்சாக்கப் போடு. தீயக் கொற. கொறலேய்! அது கோவமாக் கொதிச்சா கலங்கி வரும், கொஞ்சிக் கொதிச்சாத் தெளிஞ்சு வரும்."

பிள்ளை விதிப் புத்தகத்தால் அடுப்பை விசிறினார். செய்யது அலி குழலின் மூட்டைக் கயிற்றால் இறுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "நான் ஒண்ணும் பாக்கல்ல மக்கா. வருதான்னு மட்டும் சொல்லு."

வந்தது. குழலின் நுனியில் ஒரு துளி கூடி, தயங்கி, குப்பிக்குள் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஒரு மாதமாகச் சிலுவைமுத்து வளைந்து நின்று வடிக்க முடியாதது அங்கே நிதானமாக வடிந்தது.

"ஒரு மடக்கு எடுத்து நெருப்புல வீசுலே" என்றாள் லீலாபாய். வீசினான். குபீரென்று நீலத்தில் ஒரு நாக்கு எழுந்து பிள்ளையின் தலைப்பாகை நுனியை நக்கிவிட்டு அடங்கியது.

"இதாக்கும் நிரூபணம்."

ரசலையன் தன் குறிப்பில் எழுதினார்: 'ஆவி நிரூபிக்கப்பட்டது.' அவர் குழலுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டார். மூக்கைப் பொத்தவும் மறந்துவிட்டார். முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாத சாமான் என்பதால் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

லீலாபாய் தேங்காய்ச் சிரட்டையை வாங்கி ஒரே இழுப்பில் குடித்தாள். ஏப்பம் விட்டாள். முடியை அள்ளி முடிந்தாள். "இது எந்த இடம்? அய்யோ, எனக்க கருப்பட்டி வெயில்ல கெடந்து உருகுமே!" என்று தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு வேகமாகச் சந்தைக்குப் போய்விட்டாள்.

வாசலில் வரிசையில் நின்ற மற்றப் பேய்களுக்கு அந்த வாசனை போயிருந்தது. எல்லாப் பேயும் ஒரே குரலில் சிரட்டை கேட்டது. அதுவரை பேய் பிடிக்காத மூன்று நான்கு ஆம்பிளைகளுக்கும் திடீரென்று பிடித்துவிட்டது. மாமியார் பேயும் மருமகள் பேயும் ஒரே சிரட்டையில் குடித்துக் கட்டிப்பிடித்து அழுதன. ஆட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அது தன் எசமானைப் பார்த்துச் சிரித்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். பொழுது சாயுமுன் தெருவில் ஒரு பேய்கூட மிச்சமில்லை.

அமைதி திரும்பியது. பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்தார். அவருடைய செந்தமிழும் திரும்பியது.

"சிலுவைமுத்து! அனுமதியின்றி ஆவி வடித்தாய். விதி ஐந்து. சேவகா, இவனைப் பிடி."

மலைகூட இல்லை, ஜெயில். சிலுவைமுத்து சருவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சூடு கையைச் சுட்டது, விடவில்லை.

இசபெல் முன்னால் வந்தாள். "ஏமானே, ஒண்ணு கேக்கட்டா? இவரு எந்த ஆவிய வடிச்சாரு? சாராயமா, பேயா?"

"அது..."

"சாராயம்னு எழுதுனா, தீ விசிறினது நீங்களாக்கும். கள்ளு வாங்க விட்டதும் நீங்க. ஊரு பாத்திருக்கு. பின்ன அந்தப் பலகையில உள்ள ஆவியும் சாராயம்னு ஆயிரும். பேயிக்குத் தீர்வ கேட்ட கத தலநகரத்துக்குப் போவும். பேயின்னு எழுதுனா ஒரு குத்தமும் இல்ல. பேயி போயாச்சு."

பிள்ளை அவளைப் பார்த்தார். கருகிய தலைப்பாகை நுனியைத் தடவினார். மொழித் திலகம் என்ற எழுத்துக்கள் அவர் கண் முன்னால் புகையாக ஆடின. எழுதுகோலை எடுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"சிலுவைமுத்து என்பவர் இக்கச்சேரியின் முன்னிலையில் ஆவி வடித்துக் காட்டினார். அது நிரூபிக்கப்பட்டது. முன் அனுபவம் உண்டு. பயிற்றுவித்தவர் காலமானவராதலால் அவ்வனுபவம் குற்றமாகாது. ஆவி வடிக்கவும் அடைக்கவும் வேண்டுவோர்க்கு வழங்கவும் இவருக்கு இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது."

அந்தக் கச்சேரி கொடுத்த முதல் லைசென்சு அதுதான். கடைசி லைசென்சும் அதுதான்.

குளச்சலுக்குத் திரும்பும் வழியில் சிலுவைமுத்து கேட்டான். "ஏட்டி, ஏசுஅடிமை நெசமாவே வந்தானா?"

"ஏசுஅடிமை லீலாபாயிக்கத் தாய்மாமன் ஓய். அவன் வாற்றும்போ தீ தள்ளுனது ஆருன்னு நெனச்சீரு? சாளை மீனு ஒரு கூட குடுத்தேன். செரட்டைக்கு அவளே ஆசப்பட்டுட்டா, அது என் கணக்குல வராது."

திருநாள் முடிந்த மறுநாள் கங்காணி வண்டியோடு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சிலுவைமுத்து முத்திரை போட்ட காகிதத்தைக் காட்டினான். கங்காணிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"என்னவே இது?"

"சர்க்கார் உத்தரவாக்கும். நான் ஆவிக்காரன். வாற ஆவிய எல்லாம் இஞ்ச பிடிச்சு அடைக்கேன்."

"மலையில செத்தவனுவ எல்லாம் இவருகிட்டத்தான் வாறானுவ" என்றாள் இசபெல், அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "நேத்து இவருக்க அண்ணன் வந்தாரு. உம்மத்தான் கேட்டாரு. கூட நெறைய பேரு நிக்கானுவளாம். இருந்து பாத்துட்டுப் போறீரா?"

கங்காணி வண்டியில் ஏறியது தெரிந்தது. மாடுகள் அத்தனை வேகமாக ஓடும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. வண்டி கண்ணில் மறைகிறவரை சிலுவைமுத்து அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து தீயைக் குறைத்தான்.

லைசென்சில் சாராயம் என்ற வார்த்தை எங்குமே இல்லாததால் அவன் யாருக்கும் சாராயம் விற்கவில்லை. ஆவிதான் கொடுத்தான். ருசி பார்க்கிற சாக்கில் ஒருநாள் கொஞ்சம் போட்டுவிட்டுக் கட்டுமரத்திலும் ஏறிப் பார்த்தான். கடல் ஒரு பக்கம் ஆட, அவன் மறுபக்கம் ஆட, கஞ்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வருஷம் சித்திரை வெயிலில்கூடக் குளச்சல் கரை ஆண்கள் அத்தனை பேருக்கும் சளி. "எங்க போறீரு?" என்று பெண்டாட்டி கேட்டால், "ஏட்டி, மூக்கடைப்பு, ஆவி பிடிச்சிட்டு வாறேன்" என்பார்கள். ஆவி பிடிக்கப் போகிறவன் தலையைப் போர்த்திக்கொண்டுதானே போக வேண்டும்? போர்த்திக்கொண்டு போவார்கள். வரும்போது போர்வை ஒரு வழியில் வரும், ஆள் ஒரு வழியில் வருவான்.

ஒரு சனிக்கிழமை மாலையில், அந்தக் கரைக்குப் பழக்கமில்லாத ஒருவர் சரிகைக் கரை போட்ட நேரியலை முகம் தெரியாமல் போர்த்திக்கொண்டு சிலுவைமுத்துவின் வாற்றுப்புரை வாசலில் வந்து நின்றார். போர்வைக்கு மேலே கருகிய தலைப்பாகை நுனி தெரிந்தது. தலைநகரத்திலிருந்து பட்டம் வந்துவிட்டது என்று இசபெல் சந்தையில் கேள்விப்பட்டிருந்தாள்.

சிலுவைமுத்து எழுந்து நின்றான். "என்ன செய்யுது ஏமானே?"

"சளிடே."

"நாட்டு ஆவியா, திருத்தின ஆவியா?"

மொழித் திலகம் இரண்டு பக்கமும் பார்த்தார். நேரியலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நிரூபிச்சது குடுடே."